டேவிட் ஹியூம்: மறுமையை ஏற்காத அறிஞரின் இறுதி நாட்கள்

ஆசாரியப் பெருமக்களின் வரலாறுகளையும் அறம் வளர்த்த சிராவகர்களின் வரலாறுகளையும் நாம் இப்பக்கங்களில் படித்து வருகின்றோம். இம்முறை நாம் எழுதப் புகுந்திருப்பது நம் சமயத்தைச் சாராத ஒருவரின் வரலாறு. உண்மையில் எச்சமயத்தையும் சாராது வாழ்ந்து மறைந்த ஒருவரின் வரலாறு. ஸ்காட்லாந்து நாட்டின் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் என்பவரே அவர்.

இவரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. மருத்துவர் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கூறிவிட்ட நோயாளி ஒருவர் வீட்டில் இருக்கும்போது, அவரைச் சூழ்ந்திருப்போர் அனைவரும் ஒரே கொள்கையினராக இருப்பதில்லை. பஞ்ச நமஸ்காரத்தைக் காதில் ஓத விழையும் மூத்தவர் ஒருபுறம். உடல் ஓய்ந்தால் எல்லாம் ஓய்ந்தது என்று கருதும் படித்த பிள்ளை மறுபுறம். கொண்டும் கொடுத்தும் உறவான பிற சமயத்தார் மற்றொரு புறம். சில வீடுகளில் நோயாளியே ஐயம் கொண்டவராக இருப்பார். சுற்றியுள்ளோர் நம்பிக்கை உடையோராக இருப்பர். அந்நேரத்தில் யார் எதைப் பேசுவது? மறுமையை நம்பாதவர் அமைதியாக உயிர் விட இயலுமா? இவ்வினாக்கள் எழுந்த ஒரு படுக்கையறை எடின்பரோ நகரில் 1776ஆம் ஆண்டு இருந்தது.

ஹியூம் 1711ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், அந்நாளைய பழைய நாட்காட்டிக் கணக்கின்படி, எடின்பரோவில் பிறந்தார். இரண்டு வயதில் தந்தையை இழந்தார். தாய் காதரின் மறுமணம் செய்யாது, நைன்வெல்ஸ் என்னும் சிற்றூர்ப் பண்ணையில் தம் மூன்று மக்களையும் வளர்த்தார். ஸ்காட்லாந்தின் திருச்சபை அந்நாளில் மிகக் கடுமையான கட்டுப்பாடு உடையதாக இருந்தது. இறப்புக்குப் பின் மீட்பு அல்லது நீங்காத நரகம் என்னும் இரண்டே வழிகள். யார் யாருக்கு எது என்பது இறைவனால் முன்னரே முடிவு செய்யப்பட்டது என்பது அச்சபையின் கொள்கை. அவ்வச்சத்தின் நடுவே வளர்ந்த சிறுவன் ஹியூம், அறநூல் ஒன்றின் பின்னே இருந்த குற்றங்களின் பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு, நாள்தோறும் தன் நெஞ்சைத் தானே சோதித்து வந்தானாம். கொலை, களவு போன்றவற்றைத் தான் செய்யப் போவதில்லை என்று பட்டியலிலிருந்து நீக்கிவிட்டானாம். எத்தனையோ பிள்ளைகளின் குறிப்பேடுகளைத் திருத்திய நமக்கு இச்செய்தி மிகவும் பிடித்திருந்தது. மாலை வேளையில் பிரதிக்கிரமணம் செய்து அன்றைய குற்றங்களை எண்ணிப் பார்க்கும் வழக்கம் உடைய நம்மவர்க்கு இச்சிறுவன் அயலான் அல்லன்.

ஏறத்தாழப் பத்து அல்லது பதினோரு வயதிலேயே அண்ணனோடு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வீட்டார் சட்டம் பயில வேண்டினர். அவரோ சிசரோவையும் வெர்ஜிலையும் படித்துக்கொண்டிருந்தார். லாக் முதலியோரின் தத்துவ நூல்களைப் படிக்கத் தொடங்கியபின் சமய நம்பிக்கை தம்மைவிட்டு அகன்றதென்று பின்னாளில் அவரே தெரிவித்தார். பிரான்சு நாட்டில் லா பிளேஷ் என்னும் ஊரில் தங்கிப் பெருநூல் ஒன்றை எழுதினார். மனித இயல்பு பற்றிய அந்நூல் 1739, 1740ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது; வாங்குவாரும் இல்லை, வைவாரும் இல்லை. இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமாக விளங்கும் நூலின் தொடக்கம் அவ்வாறு இருந்தது.

அந்நூலில் அவர் கூறிய ஒரு கருத்து நம் கவனத்திற்கு உரியது. தம் உள்ளத்தை உற்று நோக்குங்கால் சூடு, குளிர், அன்பு, வெறுப்பு போன்ற உணர்வுகளே ஒன்றன்பின் ஒன்றாகத் தென்படுகின்றன. இவற்றைத் தாங்கி நிற்கும் தான் என்னும் ஒரு பொருள் தென்படவில்லை என்றார் அவர். பௌத்தரின் ஐங்கந்தக் கொள்கையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. நம் நீலகேசி ஆசிரியர் பௌத்தரோடு வாதிட்ட சருக்கங்களையும், பூதங்களின் கூட்டமே உயிர் என்பாரோடு வாதிட்ட பூதவாதச் சருக்கத்தையும் நம் வீட்டுப் பெரியோர் படித்திருப்பர். எதிரியின் கொள்கையை முழுமையாக எடுத்துரைத்த பின்னரே மறுப்பது நம் முன்னோர் மரபு. ஆதலால் ஹியூமின் கொள்கையைக் கேட்பதில் நமக்கு இழுக்கில்லை.

இக்கொள்கைகளால் அவருக்கு நேர்ந்த இழப்பு பெரிது. எடின்பரோவில் 1745ஆம் ஆண்டிலும், சில ஆண்டுகள் கழித்துக் கிளாஸ்கோவிலும் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்காமற் போயிற்று. 1752ஆம் ஆண்டு எடின்பரோ வழக்கறிஞர் நூலகத்தின் காப்பாளரானார். அங்கு அவர் வாங்கிய சில நூல்கள் தகாதவை என நிர்வாகிகள் நீக்கியபோது, பதவியை உடனே துறக்காமல், தம் ஊதியத்தைப் பார்வையிழந்த கவிஞர் தாமஸ் பிளாக்லாக்குக்கு வழங்கிவிட்டார். திருச்சபையின் பேரவையில் அவரை விலக்கி வைக்க 1755, 1756ஆம் ஆண்டுகளில் முயன்றனர், அது நிறைவேறவில்லை. இங்கிலாந்தின் வரலாற்றை ஆறு தொகுதிகளாக எழுதியதும், அதனால் செல்வம் சேர்ந்ததும், பாரிஸ் நகரில் தூதரகச் செயலராக இருந்து புகழ் பெற்றதும் விரிவாகப் பேசத்தக்கவை. நாம் கடந்து செல்வோம். ரூசோவுக்குப் புகலிடம் தேடித் தந்து, பின் அவரோடு பகைத்து, அப்பூசலை ஊரறிய அச்சிட்டது அவர் பொறுமை இழந்த இடம் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

மற்றொரு செய்தியைக் கூறாமல் செல்லல் இயலாது. அவர் நண்பர்களுள் பலர் பாதிரிமார். ஹியூ பிளேர் என்னும் புகழ்மிக்க போதகர் அவர்களுள் ஒருவர். சமய வாதங்களை நம் உரையாடலில் இனித் தவிர்த்துவிடுவோம் என்று 1761ஆம் ஆண்டு ஹியூம் அவருக்கு எழுதினார். நட்பு நீடித்தது. கொள்கை வேறாயினும் ஒரே மேசையில் உண்ணவும் சிரிக்கவும் இயன்றது. ஒருமுறை ஹியூம் சதுப்பு நிலத்தில் விழுந்துவிட்டாராம். மீன் விற்கும் மூதாட்டி ஒருத்தி, நாத்திகனுக்குக் கை கொடுப்பதா என்று எண்ணி, கிறித்தவ மன்றாட்டை ஒப்பித்தால்தான் தூக்கி விடுவேன் என்றாளாம். அவர் தயங்காமல் ஒப்பித்துக் கரையேறினாராம். எடின்பரோவில் வழங்கும் இக்கதையை ஹியூமே நகைத்துக் கூறுவார் என்பர்.

உயிரின் அழிவின்மை பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்று 1750களின் நடுவில் அச்சேறியது. எதிர்ப்பு வரும் என்றறிந்து வெளியீட்டுக்கு முன்பே அதை நீக்கிவிட்டனர். அவர் மறைந்த பின்னரே ஆங்கிலத்தில் அது நூலாக வெளிப்பட்டது. அதில் அவர் கூறுவது இது. ஓர் உயிர் என்றும் அழியாதது எனில், அது பிறப்புக்கு முன்பும் இருந்திருத்தல் வேண்டும். இடையில் படைக்கப்பட்ட ஒன்று முடிவில்லாது நிலைக்கும் என்பது பொருந்தாது. ஆகவே மறுமைக் கொள்கைகளுள், உயிர் பிறவிதோறும் வேறுவேறு உடல் எடுக்கிறது என்னும் கொள்கை ஒன்றே தத்துவம் செவிசாய்க்கத் தக்கது என்கிறார்! உயிர் அநாதி, அதைப் படைத்தவர் எவரும் இல்லை என்பது நம் அடிப்படைக் கொள்கை. ஐரோப்பாவின் தலையாய ஐயவாதி, நம் நூல் எதையும் காணாமலே, நம் வாயில் வரை வந்து நின்றிருக்கிறார்.

ஆயினும் உள்ளே நுழையவில்லை. முன்பிறவி நம் நினைவில் இல்லை. நினைவில்லாத பிறவி நம்மைப் பற்றியதன்று. இனி வரும் பிறவியும் அத்தகையதே என்று சொல்லிவிட்டார். இங்கே நாம் அவரோடு வேறுபடுகிறோம். கருவில் இருந்ததும் தாய்ப்பால் குடித்ததும் நம்முள் எவருக்கும் நினைவில்லை. அதனால் அது வேறொருவர் வாழ்வு ஆகிவிடாது. அறிவை மறைக்கும் ஞானாவரணீய வினை உயிரைச் சூழ்ந்திருக்கிறது என்று நம் ஆசாரியர் காரணம் காட்டினர். இம்மறுமொழியை ஹியூம் கேட்டிருந்தால் என்ன வாதம் எழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது நமக்கு இன்பம் தருகிறது.

இனி நோய்க்கு வருவோம். 1775ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் குடலில் ஒரு கோளாறு தோன்றியது. முதலில் அவர் பொருட்படுத்தவில்லை. ஓராண்டில் உடல் உருகி, பருத்த மேனி எலும்பாயிற்று. தீராத நோய் என்பதை உணர்ந்து, 1776ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் தம் வரலாற்றைச் சில பக்கங்களில் எழுதி முடித்தார். வலி மிகுதியில்லை என்றும், மனத்தின் உற்சாகம் ஒருகணமும் குன்றவில்லை என்றும், அறுபத்தைந்து வயதில் இறப்பவன் இழப்பது தளர்ச்சியான சில ஆண்டுகளையே என்றும் அதில் குறித்தார். தம் குணங்களைச் சொல்லுமிடத்தில் நிகழ்காலத்தை விட்டு இறந்த காலத்தில் எழுதினார். நம் இலக்கணத்தில் சென்ற காலத்துக்கு இறந்த காலம் என்று பெயர் இருப்பதை அவர் அறிந்திருந்தால் சிரித்திருப்பார்.

நண்பர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி லண்டனுக்கும், அங்கிருந்து பாத் நகரின் நீரூற்றுக்கும் சென்றார். முன்பு போதகராக இருந்த ஜான் ஹோம் என்னும் நாடக ஆசிரியர் வழித்துணையாக இருந்து கவனித்துக்கொண்டார். மருத்துவர் மூவர் மூன்று காரணம் கூறினர். முடிவில் ஜான் ஹன்டர் என்னும் பேர்பெற்ற உடற்கூற்று வல்லுநர் விரலால் தடவிப் பார்த்து, ஈரலில் கட்டி இருப்பதைக் கண்டார். ஊகத்தைவிடத் தொட்டறிந்ததே உறுதி என்று ஹியூம் தம் அண்ணனுக்கு எழுதினார். காட்சி அளவையைப் பெரிதாகப் போற்றிய அறிஞர், தம் மரணச் செய்தியையும் அதே அளவையால் ஏற்றுக்கொண்டார். ஜூலைத் தொடக்கத்தில் எடின்பரோ திரும்பினார்.

1776 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. ஜேம்ஸ் பாஸ்வெல் என்னும் முப்பத்தைந்து வயது வழக்கறிஞர் ஹியூமைக் காணச் சென்றார். சாவைப் பற்றிய அச்சம் பாஸ்வெல்லை வாழ்நாள் முழுதும் வாட்டியது. மறுமையை நம்பாதவர் சாவின் முன் என்ன ஆவார் என்று காணும் ஆவலே அவரை அங்கு அழைத்துச் சென்றது. ஹியூம் மெலிந்து, மண்ணின் நிறமாய், சாம்பல் நிற உடையில் அமர்ந்து ஒரு நூலைப் படித்துக்கொண்டிருந்தார். பாஸ்வெல் பேச்சை மறுமைக்குத் திருப்பினார். மறுமை ஒன்று இருக்கக்கூடுமன்றோ என வினவினார். நெருப்பில் இட்ட கரித்துண்டு எரியாமல் இருக்கவுங்கூடும் என்று ஹியூம் விடையிறுத்தார். இல்லாமற் போவதை எண்ணினால் கலக்கம் இல்லையா என்று பாஸ்வெல் கேட்டார். பிறப்பதற்கு முன் இல்லாமல் இருந்ததை எண்ணி எவரும் கலங்குவதில்லை. இதுவும் அதுபோன்றதே என்றார் அவர். மாண்ட நண்பர்களை மீண்டும் காணும் இன்பத்தைச் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. பாஸ்வெல்லுக்குத் தம் தாய் சிறுவயதில் கற்பித்த பக்தி நினைவுக்கு வந்தது; தம் நம்பிக்கை ஆட்டம் காண்பதை உணர்ந்தார். நோயாளி அமைதியோடு வீட்டில் இருந்தார். நலமாக இருந்தவர் கலங்கித் தெருவில் நடந்தார்.

பாஸ்வெல்லைக் கடிந்துரைக்க நமக்கு மனம் வரவில்லை. அவர் உள்ளதை உள்ளவாறு எழுதி வைத்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. எனினும், தம் அச்சத்துக்கு மருந்து தேடி, நோயால் மெலிந்த ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்தது முறையன்று என்றே நாம் கருதுகிறோம். நோயாளியைக் காண வந்த இடத்தில், போகும் கதியைப் பற்றி அவர் காதுபட வாதம் புரிவோரை நம் ஊர்களிலும் கண்டிருக்கிறோம்.

ஆதம் ஸ்மித் அவ்வாறு செய்யவில்லை. நாடுகளின் செல்வம் என்னும் பொருளாதார நூலை அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வெளியிட்டவர் அவர். ஹியூமின் நெருங்கிய தோழர். மறுமை பற்றிய நம்பிக்கையைத் தம் அறநெறி நூலில் மதிப்போடு பேசியவர். ஆகஸ்டு மாதத்தில் அவர் ஹியூமோடு இருந்தபோது பேச்சு வேறு வகையாக அமைந்தது. கிரேக்கக் கதையில் இறந்தோரை ஆற்றைக் கடத்தி மறுகரை சேர்க்கும் கேரன் என்னும் படகோட்டி உண்டு. அவனிடம் இன்னும் சிறிது காலம் கேட்பதற்குத் தமக்கு என்ன சாக்கு இருக்கிறது என்று ஹியூம் எண்ணிப் பார்த்தாராம். கட்டி முடிக்காத வீடில்லை. கரையேற்ற வேண்டிய பிள்ளையில்லை. பழிவாங்க வேண்டிய பகைவர் இல்லை. புத்தகத்தைத் திருத்த வேண்டும் என்றால், திருத்தத்துக்கு முடிவேது என்று படகோட்டி கேட்பான். மூடநம்பிக்கைகள் வீழ்வதைக் கண்டுவிட்டு வருகிறேன் என்றால், அதற்குப் பல நூறாண்டுகள் ஆகும், சோம்பேறியே, ஏறு படகில் என்று அதட்டுவான். இவ்வாறு தம் சாவை வைத்துத் தாமே நகைத்தார். ஸ்மித் உடன் நகைத்தார்; மறுமைக் கொள்கையைப் புகட்டவும் இல்லை, பொய்யான ஆறுதல் கூறவும் இல்லை.

குணமாகி வருகிறீர்கள் என்று உங்கள் நண்பரிடம் சொல்லட்டுமா என்று மருத்துவர் டன்டாஸ் கேட்டபோது, பகைவர் விரும்பும் விரைவிலும் நண்பர் விரும்பும் எளிமையிலும் தாம் இறந்துகொண்டிருப்பதாகச் சொல்லுமாறு ஹியூம் திருத்தினார். ஆகஸ்டு 20ஆம் நாள், பாரிஸ் நகரத் தோழியான பூஃப்ளேர் சீமாட்டிக்கு எழுதிய கடிதம் நம் உள்ளத்தை உருக்குவது. அச்சீமாட்டி அன்பு பாராட்டிய கோன்டி இளவரசர் மறைந்த செய்தி கேட்டு, தம் மரணத்துக்கு ஐந்து நாட்களே இருந்த நிலையில், அவருக்கு ஆறுதல் எழுதினார். சாவு படிப்படியாக நெருங்குவதையும், தமக்கு அச்சமோ வருத்தமோ இல்லை என்பதையும் அதில் குறித்து விடைபெற்றார். ஆகஸ்டு 25, மாலை நான்கு மணி அளவில் உயிர் பிரிந்தது. கடைசி வரை தெளிந்த நினைவோடு இருந்தார் என்றும், பொறுமை இழந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை என்றும் அருகிருந்து கவனித்த மருத்துவர் ஜோசப் பிளாக் ஸ்மித்துக்கு எழுதினார்.

சமந்தபத்ர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் சல்லேகனைக்கு ஐந்து அதிசாரங்களை எண்ணுகிறார். அருங்கலச்செப்பின் வழியாகத் தமிழிலும் அவ்வறத்தை நாம் கற்றோம். இன்னும் வாழ வேண்டும் என்னும் அவா, விரைவில் சாக வேண்டும் என்னும் அவா, அச்சம், நண்பரை எண்ணி ஏங்குதல், மறுமையில் இன்ன பயன் வேண்டும் என்னும் நிதானம் ஆகியன அவை. ஹியூமின் இறுதி நான்கு மாதங்களை இவ்வைந்தின் எதிரே வைத்துப் பார்த்தோம். முதல் மூன்றும் இல்லை. நான்காவதில், நண்பர் நினைவு இருந்தது, ஏக்கம் காணப்படவில்லை. ஐந்தாவதற்கு அவரிடம் இடமே இல்லை! நற்காட்சி இல்லை, விரதம் இல்லை. ஆதலால் இதைச் சல்லேகனை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கொள்கையில் குறையற்றவராய், நெஞ்சில் இவ்வைந்தும் நிறைந்தவராய் மாள்வோரும் உளர். அவரையும் இவரையும் அருகருகே வைத்தால், வினைக்கணக்கில் எது எவ்வளவு எடை என்று துணிந்து கூற நமக்கு அறிவு போதாது.

அவர் காலத்தவர் அவ்வளவு தயங்கவில்லை. அடக்கம் நிகழ்ந்த ஆகஸ்டு 29ஆம் நாள் மக்கள் திரளாகக் கூடினர். நாத்திகன் என்று ஒருவர் கூற, ஆயினும் நேர்மையானவர் என்று மற்றொருவர் மறுமொழி கூறினார் என்பர். கல்லறைக்குச் சேதம் நேராதிருக்கச் சில இரவுகள் காவல் வைத்தனர். பெயரும் பிறந்த இறந்த ஆண்டுகளும் மட்டுமே கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும், எஞ்சியதைப் பின்னோர் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் உயிலில் இட்ட கட்டளை. பாஸ்வெல் அன்று ஒரு சுவரின் மறைவில் நின்று ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹியூமின் அமைதியான முடிவைப் பற்றி ஆதம் ஸ்மித் எழுதிய கடிதம் 1777ஆம் ஆண்டு வெளிவந்தது. மனித இயல்பின் குறைகள் இடந்தரும் அளவுக்கு முழுமையான அறிவும் ஒழுக்கமும் உடையவர் என்று தம் நண்பரைப் பாராட்டியிருந்தார். பெரும் கூச்சல் எழுந்தது. ஆக்ஸ்போர்டின் ஜார்ஜ் ஹார்ன் என்னும் பாதிரியார் பெயரிடாமல் ஒரு மறுப்பு நூல் எழுதினார். தம் பொருளாதார நூலில் பிரிட்டனின் வணிக முறை முழுவதையும் தாக்கியதற்குக் கிடைத்ததைவிடப் பத்து மடங்கு வசவு இவ்வொரு கடிதத்துக்குக் கிடைத்தது என்று ஸ்மித் பின்னர் எழுதினார்.

அறிஞர் சாமுவேல் ஜான்சனிடம் பாஸ்வெல் இச்செய்தியைக் கூறியபோது, ஹியூம் பொய் சொன்னார், வீண்பெருமைக்காக அமைதி உடையவர்போல் நடித்தார் என்று அவர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். ஜான்சன் ஆழ்ந்த கிறித்தவ பக்தர். ஆனால் தீர்ப்பு நாளை எண்ணி நடுங்கியவர்; தாம் அஞ்சுவதை மற்றொருவர் அஞ்சவில்லை என்பதை அவரால் ஏற்க இயலவில்லை. எனினும் அவர் முடிவும் சிறியதன்று. 1784ஆம் ஆண்டு டிசம்பரில், இனிப் பிழைத்தல் அரிது என மருத்துவர் உண்மை கூறியதும், மருந்தையும், மயக்கம் தந்து வலி தணிக்கும் அபினியையும் நிறுத்திவிட்டார். மங்காத அறிவோடு தம் உயிரை இறைவனிடம் ஒப்படைக்க விழைந்தார். மிக எளிய உணவை மட்டும் ஏற்றார். டிசம்பர் 13ஆம் நாள் மறைந்தார். இதைப் படிக்கும் நம்மவர்க்கு என்ன நினைவு வரும் என்று நாம் எழுத வேண்டியதில்லை.

இவ்விருவரையும் அறிந்த பாஸ்வெல்லுக்கு மட்டும் ஓய்வில்லை. அதே 1784ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஒரு கனவு கண்டார். ஹியூமின் நாட்குறிப்பு ஒன்று கைக்குக் கிடைக்கிறது. ஐயவாத நூல்களைப் பெருமைக்காக வெளியிட்டாலும், உள்ளத்தில் அவர் மிகுந்த பக்தி உடைய கிறித்தவரே என்று அதிலிருந்து தெரிய வருகிறது. விழித்த பிறகும் நெடுநேரம், அது கனவு என்பதைப் பாஸ்வெல்லால் உணர இயலவில்லை.